கடிக்க முடியாத ஆப்பிள்

நியூயார்க் மாநிலத்தின் ஏரிக்கரைத் தோப்புகளில் ஒரு பழைய பானம் மறுபடியும் தலையெடுத்த கதை

நியூயார்க் மாநிலத்தின் 89ஆம் எண் நெடுஞ்சாலை இத்தாக்கா நகரில் கிளம்பி, கயூகா ஏரியின் மேற்குக் கரையை ஒட்டியே வடக்கே போகிறது. ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் தோட்டம். கொஞ்ச தூரத்துக்கு ஒரு பலகை நிற்கிறது: திராட்சை மது, ஆட்டுப்பால் சீஸ், முட்டை, விறகு. அவற்றுக்கு நடுவில் ஒரு பலகையில் கையால் ‘சைடர்’ என்று எழுதி, பக்கத்தில் ஓர் அம்புக்குறியும் போட்டிருந்தார்கள். மழை மட்டும் பெய்யாமல் இருந்திருந்தால் நாங்கள் அதைத் தாண்டிப் போயிருப்போம்.

நியூ ஜெர்சியில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கூடாரம் அடித்துத் தங்குவது ஒரு வருடாந்தரச் சடங்காகிவிட்டது. தோசைக்கல், மாவு டப்பா, இட்லிப்பொடி சகிதம் ஏதாவது ஒரு பூங்காவுக்குக் கிளம்பிவிடுவோம். அந்த முறை டவ்கானக் அருவிப் பூங்கா. அருவி 66 மீட்டர் உயரம். ஒரே பாய்ச்சலாக விழுகிறது. உயரத்தில் நயாகராவை மிஞ்சிவிடும். அக்டோபர் மாத நீண்ட வார இறுதி என்பதால் இலைகள் நிறம் மாறியிருக்கும், கூட்டம் குறைவாக இருக்கும் என்பது கணக்கு. குளிரைக் கணக்கில் சேர்க்க வேண்டியவர் மதுரையிலிருந்து வந்திருந்த என் மாமியார். குரங்குக் குல்லா, ஸ்வெட்டர், அதற்கு மேல் மகனின் ஜாக்கெட் என்று உட்கார்ந்திருந்தார். “வீடு வாசல் இருக்கறப்ப எதுக்குய்யா துணிக்குள்ள படுக்கணும்?” என்று அவர் கேட்ட கேள்விக்கு எங்களில் யாரிடமும் பதில் இல்லை. சனிக்கிழமை காலை பிடித்த மழை விடவில்லை. விறகு நனைந்துவிட்டது. சூடாக எதையாவது குடிக்கலாம் என்று காரை எடுத்தோம். அப்படித்தான் அந்த அம்புக்குறி கண்ணில் பட்டது.

“சாராயக் கடைக்கா பிள்ளைகளக் கூட்டிட்டுப் போறே?” என்றார் அத்தை.

“ஆப்பிள் ஜூஸும் இருக்கும்மா” என்றார் என் கணவர்.

இருவர் சொன்னதும் சரிதான்; சைடர் என்பது நொதிக்க வைத்த ஆப்பிள் சாறு. உள்ளே போனதும் தெரிந்தது, அது ஒரு பழைய தானியக் கொட்டில். ஒரு மூலையில் விறகு அடுப்பு எரிந்தது. நீள மேசைகளில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண், சீட்டு விளையாடும் கிழவர்கள், தரையில் படுத்திருந்த நாய். பரிமாறும் மேடைக்குப் பின்னால் சுவரில் வரிசையாகக் குழாய்கள். மேசையில் சூப்பும் ரொட்டியும். ஊற்றித் தருகிற இடத்தில் சாப்பிடவும் ஏதாவது இருக்க வேண்டும் என்பது இந்த மாநிலச் சட்டம். பிள்ளைகள் பெற்றோரோடு வரலாம், ஓடலாம், விளையாடலாம். 21 வயது நிரம்பாதவருக்கு மது ஊற்றக் கூடாது, அவ்வளவுதான். பட்டை போட்டுச் சூடாக்கிய ஆப்பிள் சாறு அவர்களுக்கு. அத்தைக்கும் அதுவே வந்தது. முதல் மடக்கிலேயே, “சுக்கு தட்டிப் போட்டிருக்கலாம்” என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். ஆனால் இரண்டாவது கோப்பையும் கேட்டார்.

எனக்கு நாலைந்து சிறு கண்ணாடிக் கோப்பைகள் அடுக்கிய ஒரு பலகை வந்தது. ஒவ்வொன்றிலும் இரண்டு வாய்க்குக் காணும் அளவு. இதற்கு முன் நான் சைடர் என்று குடித்தது சூப்பர்மார்க்கெட் பாட்டிலில் வருவது. ஆங்ரி ஆர்ச்சர்ட் மாதிரியான பெரிய கம்பெனிச் சரக்கு. ஆப்பிள் மிட்டாயைக் கரைத்து சோடா ஊற்றியதுபோல் தித்திக்கும். இங்கே முதல் கோப்பையில் தித்திப்பு என்பதே இல்லை. நாக்கு சுருங்கியது. புளிப்பு, அதன் பின்னால் ஒரு துவர்ப்பு, கடைசியில் எங்கோ ஆரஞ்சுத் தோலின் வாசனை. பிடிக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்துவிட்டு இன்னொரு வாய் குடித்தேன். மூன்றாவது கோப்பையில்தான் விஷயம் புரிய ஆரம்பித்தது. அது கோல்டன் ரஸட் என்ற ஒரே வகை ஆப்பிளில் செய்தது. பேரிக்காய்த் தோலின் பழுப்பு நிறத்தில் சொரசொரவென்று இருக்கும் பழம் அது. கடையில் வைத்தால் யாரும் தொட மாட்டார்கள். சர்க்கரை அதிகம், புளிப்பும் அதிகம். சைடர் செய்கிறவர்கள் அதைத் தேடி அலைகிறார்கள்.

மேடைக்குப் பின்னால் நின்றவர் ஒரு கூடையைத் தூக்கி மேசையில் வைத்தார். எல்லாம் சைடர் ஆப்பிள்கள். கடித்துப் பாருங்கள் என்றார். என் மகன் ஆவலோடு கடித்தான். அவன் முகம் போன போக்கைப் பார்த்து அத்தை அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். வாழைப்பூவைப் பச்சையாக மென்ற துவர்ப்பு. டாபினெட், கிங்ஸ்டன் பிளாக், யார்லிங்டன் மில் என்று பெயர்கள் கொண்ட இவை இங்கிலாந்தின் சோமர்செட் பகுதி வகைகள். தின்பதற்கென்று யாரும் இவற்றை வளர்ப்பதில்லை.

அந்தத் துவர்ப்புக்குக் காரணம் டானின். தேயிலையிலும் மாதுளைத் தோலிலும் இருக்கும் அதே சரக்கு. பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் 1903இல் லாங் ஆஷ்டன் என்ற ஆராய்ச்சி நிலையத்தை ஆரம்பித்தபோது, பார்க்கர் என்ற விஞ்ஞானி சைடர் ஆப்பிள்களை நாலு சாதியாகப் பிரித்து வைத்தார்: இனிப்பு, புளிப்பு, இனிப்புத் துவர்ப்பு, புளிப்புத் துவர்ப்பு. சாற்றில் அமிலம் 0.45 சதவிகிதத்துக்கு மேலே போனால் புளிப்பு, டானின் 0.2 சதவிகிதத்தைத் தாண்டினால் துவர்ப்பு. இன்றைக்கும் பல இடங்களில் அந்தக் கணக்குத்தான். நல்ல சைடர் என்பது பெரும்பாலும் இவற்றின் கலவை. கிங்ஸ்டன் பிளாக் போல ஒன்றிரண்டு வகைகளில் மட்டும் எல்லாம் தானாகவே பொருந்தி வந்திருக்கிறது. கடையில் கிடைக்கும் பளபளக்கும் சிவப்பு ஆப்பிளை மட்டும் பிழிந்து நொதிக்க வைத்தால் கிடைப்பது தண்ணீர். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்றுவிட்டுப் போன பிறகு மிச்சம் இருக்க வேண்டியவை அமிலமும் துவர்ப்பும்தான். அவை பழத்தில் இல்லாவிட்டால் குடத்திலும் வராது. அதனால்தான் பெரிய கம்பெனிகள் மறுபடி சர்க்கரை சேர்க்கின்றன.

கொட்டிலின் பின்பக்கம் அன்று பிழிந்துகொண்டிருந்தார்கள். மழைக்கு ஒதுங்கி நின்று அதைப் பார்த்ததில்தான் எங்கள் பாதிப் பொழுது போனது. பறித்த ஆப்பிளை உடனே அரைப்பதில்லை. சில வாரங்கள் குவித்து வைத்து, கட்டைவிரலால் அமுக்கினால் பள்ளம் விழுகிற அளவுக்குக் கனிய விடுகிறார்கள். மிச்சமிருக்கும் மாவுச்சத்து சர்க்கரையாக அது போதும். பிறகு கழுவி, தோலும் விதையுமாக அப்படியே துருவுகிறார்கள். துருவலைத் துணியில் பொதிந்து, மரச் சட்டத்தின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அழுத்துகிறார்கள். 19 கிலோ பழத்துக்குச் சுமார் 11 லிட்டர் சாறு. சக்கை பக்கத்துப் பண்ணைப் பன்றிகளுக்கு. இறங்கும் சாறு முதலில் வெளிறித் தெரிந்து, கண்முன்னே காற்றுப் பட்டுப் பழுப்பாகிறது. அதை எஃகுத் தொட்டியிலோ மரப்பீப்பாயிலோ விட்டு, குளிர்ந்த கொட்டிலில் குளிர்காலம் முழுவதும் விட்டுவிடுகிறார்கள். குளிரில் ஈஸ்ட் மெதுவாக வேலை செய்யும், வாசனை ஓடிப்போகாது. சாற்றில் சர்க்கரை 12 முதல் 15 சதவிகிதம் வரை இருந்தால், முழுக்க நொதித்து முடிக்கும்போது ஆல்கஹால் 6 முதல் 8 சதவிகிதம். வசந்தத்தில் பாட்டில். பீரை வருடத்தில் எந்த மாதமும் காய்ச்சலாம்; மால்ட்டை மூட்டையில் வாங்கினால் போதும். சைடருக்கு அறுவடை வருடத்துக்கு ஒருமுறைதான். இந்த வித்தியாசம் பின்னால் வரப்போகும் கதைக்கு முக்கியம்.

பிறகு மழை கொஞ்சம் விட்டது. “தோப்பைப் பாக்கலாமா?” என்று கேட்டவர், ஆச்சரியம், அத்தைதான். சிவகங்கைப் பக்கம் மாந்தோப்பு வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். மரத்தின் அடியில் குனிந்து, தரைக்குச் சற்று மேலே இருந்த முண்டைத் தடவிப் பார்த்துவிட்டு “ஒட்டு” என்றார். சரிதான். ஆப்பிள் விதையை நட்டால் தாய்மரத்தின் பழம் வராது. ஒவ்வொரு விதையும் ஒரு புதுச் சீட்டு. ஆயிரத்தில் ஒன்று தின்னத் தேறினால் அதிகம். வேண்டிய வகையை வைத்துக்கொள்ள ஒரே வழி ஒட்டுக் கட்டுவது. டாபினெட் மரங்கள் அத்தனையும் என்றோ ஒரு வேலியோரத்தில் தானாக முளைத்த ஒரே மரத்தின் கிளைகள்தான்.

இந்த வட்டாரத்துக்கே உரிய ஆப்பிளும் உண்டு. நார்தன் ஸ்பை என்ற வகை 1800 வாக்கில் இங்கிருந்து மேற்கே ஈஸ்ட் புளூம்ஃபீல்ட் ஊரில் ஒரு விதையிலிருந்து கிடைத்தது. மரம் காய்ப்புக்கு வரப் பத்து வருடத்துக்கு மேல் காக்க வைக்கும். ஆனால் சைடருக்கும் ஆப்பிள் பைக்கும் அதை விட்டால் ஆளில்லை என்பார்கள். இங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் ஜெனீவா என்ற சிறு நகரம். அங்கே 1880களிலிருந்து மாநில விவசாய ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. இப்போது கார்னெல் பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கிறது. கார்ட்லண்ட், எம்பயர், ஜோனகோல்ட் என்று நாம் கடையில் பார்க்கும் பல ஆப்பிள்கள் அங்கே பிறந்தவை. மத்திய அரசின் ஆப்பிள் மரக் களஞ்சியமும் அதே ஊரில்தான். ஆப்பிளின் பூர்வீகம் கஜகஸ்தான் மலைக்காடு. 1989க்கும் 1996க்கும் இடையே அங்கே போய் வந்த குழுக்கள் கொண்டுவந்த விதைகளிலிருந்து முளைத்த காட்டு மரங்கள் ஜெனீவாவில் வரிசைகளில் நிற்கின்றன. இந்த ஏரிக்கரையில் சைடர் செய்கிறவர்கள் திடீரென்று பெருகியதற்குப் பின்னால் அந்த நிலையத்தின் கைவரிசை நிறைய உண்டு.

ஏரிகளின் கைவரிசையும் உண்டு. பனியாறுகள் உழுதுவிட்டுப் போன 11 நீளமான பள்ளங்கள் இவை. அடுத்த ஏரியான செனகாவின் ஆழம் 188 மீட்டர். இத்தனை ஆழத் தண்ணீர் கோடைச் சூட்டை விழுங்கி வைத்துக்கொண்டு மெதுவாக விடுகிறது. கரைச் சரிவுகளில் இலையுதிர்காலத்து உறைபனி தாமதமாக வருகிறது. வசந்தத்தில் மொட்டும் அவசரப்பட்டு விரிவதில்லை.

முதல் தோப்புகள் யாருடையவை?

இந்தக் கரையில் ஆப்பிளை நட்டவர்கள் வெள்ளைக்காரக் குடியேறிகள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பழம் ஐரோப்பியர் கொண்டுவந்தது உண்மைதான். ஆனால் இங்கே முதல் தோப்புகள் ஹோடினோஷோனி என்ற பூர்வகுடிக் கூட்டமைப்பைச் சேர்ந்த கயூகா, செனகா மக்களுடையவை. சோளம், பரங்கி, அவரையோடு பீச் மரங்களும் ஆப்பிள் மரங்களும் அவர்கள் ஊர்களைச் சுற்றி நின்றன. அமெரிக்க விடுதலைப் போரில் கூட்டமைப்பின் பெரும்பகுதியினர் பிரிட்டிஷ் பக்கம் நின்றார்கள். 1779இல் ஜார்ஜ் வாஷிங்டனின் உத்தரவின் பேரில் ஜெனரல் சல்லிவனின் படை இந்த ஏரிகளைச் சுற்றி வந்தது. 40 ஊர்களுக்கு மேல் எரிந்தன. கயூகா ஏரியின் கிழக்குக் கரையில் சோனோடோட்டே என்ற ஊரில் மட்டும் 1,500 பீச் மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். செனகா ஏரியோரம் இருந்த கெண்டாயாவை, அதன் தோப்புகளைப் பார்த்துவிட்டு, சிப்பாய்களே ‘ஆப்பிள் டவுன்’ என்று அழைத்தார்கள். அதையும் விட்டுவைக்கவில்லை. போர் முடிந்ததும் அந்த மண் சிப்பாய்களுக்கு மானியமாகப் போனது. சைடர் வீடுகளின் சுவர்களில் தொங்கும் ‘இருநூறு வருடப் பாரம்பரியம்’ என்ற வகை வாசகங்களைப் படிக்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அதன் பிறகு வந்த குடியானவர்களுக்குச் சைடர்தான் தினப்படிப் பானம். இரண்டாவது ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ் தினமும் காலையில் எழுந்ததும் ஒரு குவளை குடிப்பாராம். ‘ஜானி ஆப்பிள்சீட்’ என்று பாலர் பாட்டில் வரும் ஜான் சாப்மன் ஊர் ஊராக விதை நட்டுக்கொண்டு போனாரே, அந்த விதை மரங்களின் பழம் தின்பதற்கு லாயக்கற்றது, பிழிவதற்குத்தான் ஆகும். 1840 தேர்தலில் வில்லியம் ஹென்றி ஹாரிசன் தன்னை மரக்குடிசையும் சைடருமாக வாழும் எளியவராகக் காட்டிக்கொண்டு ஜெயித்தார். நல்ல வசதியான வீட்டுப் பிள்ளை அவர். பதவியேற்று ஒரு மாதத்தில் இறந்தும்போனார். தேர்தல் உத்தி மட்டும் சாகவில்லை.

பிறகு எப்படி ஒரு தேசமே அதை மறந்தது? சைடர் வீடுகளில் வழக்கமாகச் சொல்லும் கதை இது: மதுவிலக்குக் காலத்தில் சர்க்கார் ஆட்கள் கோடரியோடு வந்து தோப்புகளை வெட்டிப் போட்டார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நம்ப இடமில்லை. 1920இல் அமலுக்கு வந்த மதுவிலக்குச் சட்டமே வீட்டு உபயோகத்துக்கான சைடருக்கும் பழச்சாறுக்கும் ஒரு சந்து விட்டிருந்தது. சைடரின் சரிவு அதற்கு ரொம்ப முன்பே ஆரம்பித்துவிட்டது. 1820களில் கிளம்பிய மதுவிலக்கு இயக்கத்தின் வேகத்தில் சில விவசாயிகள் தாங்களாகவே மரத்தை வெட்டினார்கள். பிறகு ஜெர்மானியக் குடியேறிகளோடு பீர் வந்தது. மக்கள் கிராமத்தை விட்டு நகரத்துக்குப் போனார்கள். சைடர் தோப்புக்குள்ளேயே நின்றுவிட்டது. மதுவிலக்கு வந்தபோது தின்னும் ஆப்பிளுக்கு மாறினால்தான் பிழைப்பு என்றாகிவிட்டது. 1933இல் விலக்கு நீங்கியதும் பீர் ஆலைகள் சில மாதங்களில் ஓட ஆரம்பித்தன. மரத்தை மாதக் கணக்கில் வளர்க்க முடியுமா? போதாததற்கு 1933-34 குளிர்காலக் கடுங்குளிரில் வடகிழக்கு மாநிலங்களில் பால்ட்வின் வகை மரங்கள் கூட்டம் கூட்டமாகப் பட்டுப்போயின. கோடரிக் கதையைவிட இது சோர்வூட்டும் கதைதான். ஆனால் நடந்தது இதுதான்.

ஒரு கையெழுத்தும் ஒரு மேசையும்

வாஷிங்டன் மாநிலத்துக்கு அடுத்தபடி ஆப்பிள் அதிகம் விளைவது நியூயார்க்கில். எண்ணிக்கையைப் பார்த்தால் விவசாயி செழித்திருக்க வேண்டும். ஆனால் தழும்பு, புள்ளி, அளவுக் குறைவு என்று கடை தள்ளிவிடும் பழம் சாறு ஆலைக்குத்தான் போகும். அங்கே பவுண்டுக்குச் சில சென்ட். 1990களின் கடைசியில் சீனாவிலிருந்து காய்ச்சிக் குறுக்கிய ஆப்பிள் சாறு வெள்ளமாக வந்து இறங்கியதும் அந்தச் சில சென்ட்டும் ஆட்டம் கண்டது. அமெரிக்கா 2000இல் அதன்மீது இறக்குமதிக் குவிப்புக்கு எதிரான வரி போட்டது. பெரிதாக ஒன்றும் மாறவில்லை; இன்றைக்கு அமெரிக்கக் குழந்தைகள் குடிக்கும் ஆப்பிள் சாற்றில் பெரும்பங்கு வெளிநாட்டுப் பழம்.

இங்கேதான் சட்டம் உள்ளே வருகிறது. நியூயார்க் 1976லேயே திராட்சை விவசாயிகளுக்குப் பண்ணை ஒயின் சட்டம் கொண்டுவந்திருந்தது. தன் தோட்டத்துத் திராட்சையில் செய்த ஒயினைத் தன் வாசலிலேயே விற்கலாம் என்ற அந்த ஒரு அனுமதிதான் இந்த ஏரிக்கரையில் ஒயின் வீடுகளை வரிசையாக முளைக்க வைத்தது. ஆப்பிளுக்கு அதே கதவு திறந்தது ரொம்பத் தாமதமாக. 2013இல் நிறைவேறி 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பண்ணை சைடர் சட்டத்தின் நிபந்தனை ஒன்று, சலுகை ஒன்று. நிபந்தனை: சைடருக்கான ஆப்பிள் முழுவதும் நியூயார்க் மண்ணில் விளைந்ததாக இருக்க வேண்டும். சலுகை: தோட்டத்திலேயே ருசி காட்டலாம், கோப்பையில் ஊற்றி விற்கலாம், பாட்டிலும் கொடுக்கலாம். 2015 டிசம்பரில் மத்திய அரசும் வரிச் சட்டத்தில் சைடர் என்பதற்கான வரம்பை 7 சதவிகித ஆல்கஹாலிலிருந்து 8.5ஆகத் தளர்த்தியது. நல்ல பழத்தைச் சர்க்கரை ஏறும் வரை பழுக்க விட்டால் 7ஐத் தாண்டிவிடும். தாண்டினால் ஒயினுக்கான வரி என்று இருந்த அபத்தம் ஒழிந்தது.

நாங்கள் உட்கார்ந்திருந்த அந்த மேசையின் பொருள் இதுதான். சில சென்ட்டுக்குப் போக வேண்டிய பழம், நொதித்து, வாசலிலேயே விலையாகிறது. நடுவில் மொத்த வியாபாரியும் லாரியும் சூப்பர்மார்க்கெட் தட்டும் இல்லை. அதனால்தான் பல வருடம் காத்திருந்து காய்க்கிற, தின்ன உதவாத ஒரு மரத்தை ஒரு விவசாயியால் துணிந்து நட முடிகிறது. மரத்தைக் காப்பாற்றுவது மரத்தின்மேல் உள்ள பாசம் மட்டும் என்று நான் நம்பவில்லை. அந்தக் குழாய் வரிசைதான் காப்பாற்றுகிறது.

இதை எழுதும்போது தமிழ் வாசகர் மனத்தில் என்ன ஓடும் என்று தெரியும். பனையில் இறங்குகிற அதே பால், கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். ஆப்பிளும் அப்படித்தான், ஒரே சாறு, பேரனுக்கு ஒரு கோப்பை, அப்பனுக்கு வேறு கோப்பை. தமிழ்நாட்டில் கள் 1987 முதல் தடையில் இருக்கிறது. ஆலைச் சரக்கை 2003 முதல் அரசே கடை வைத்துச் சில்லறையில் விற்கிறது. பனை மாநில மரம். குடியால் அழிந்த வீடுகளை நானும் பார்த்திருக்கிறேன். தடையை எடு என்று ஒற்றை வரியில் சொல்லிவிட எனக்குத் துணிச்சல் இல்லை. ஆனால் குடிக்கிறவன் கொடுக்கும் காசு எவன் கைக்குப் போகிறது என்ற கேள்வியை நியூயார்க் கேட்டிருக்கிறது, நாம் கேட்கவில்லை. காரில் திரும்பும்போது அத்தை சொன்னது இன்னும் சுருக்கம்: “மரத்துக்காரனே விக்கிறான். அவன் பிள்ளையும் அங்கனதான் ஓடுது. ஊத்திக் கொடுக்க அவனுக்கே ஒரு கூச்சம் இருக்கும்ல?”

எல்லாம் இனிப்பு என்று எழுதினால் பொய். டாபினெட் மாதிரியான ஐரோப்பிய வகைகள் தாமதமாகப் பூக்கும். அதற்குள் வெயில் ஏறிவிடுவதால், பூ வழியாக நுழையும் ‘ஃபயர் பிளைட்’ என்ற பாக்டீரியா நோய்க்கு அவை சுலபமாகப் பலியாகின்றன. கிளைகள் நெருப்பில் காட்டியதுபோல் கருகிவிடும். பல வகைகள் ஒரு வருடம் கொட்டிக் காய்த்துவிட்டு மறுவருடம் சும்மா நிற்கும். 2012 மார்ச்சில் வெயில் அடித்து மொட்டு முன்கூட்டியே விரிய, ஏப்ரல் பனியில் மாநிலத்தின் ஆப்பிளில் ஏறக்குறைய பாதி போய்விட்டது. 2023 மே 18ஆம் தேதி விடியலில் மறுபடி ஒரு உறைபனி. திராட்சை, ஆப்பிள் இரண்டிலும் அடி. ஏரியின் பாதுகாப்புக்கும் ஓர் எல்லை இருக்கிறது. வியாபாரத்திலும் 2010களின் முதல் பாதியில் சைடர் ஏறிய வேகம் அப்படியே நீடிக்கவில்லை. டப்பாவில் வரும் புதுப்புது பானங்கள் இளைஞர்களை இழுத்துக்கொண்டன. பெரிய கம்பெனிச் சைடர்தான் இதில் அதிகம் தடுமாறியது என்பது என் கணிப்பு. தோட்டத்து வாசலில் உட்கார்ந்து குடிக்கிறவர் வருவது பானத்துக்கு மட்டுமல்லவே. அடுப்புக்கும் சூப்புக்கும் ஓடி விளையாட இடத்துக்கும் சேர்த்து வருகிறார்.

விலை பற்றியும் ஒரு வார்த்தை. தோட்டத்து பாட்டில் ஒயின் விலை சொல்லும். பீர் நினைப்பில் போனால் திடுக்கிடும். எல்லா பாட்டிலும் அந்த விலைக்குத் தகுதியானது என்று சொல்ல மாட்டேன். பரங்கிக்காய், லாவெண்டர், இஞ்சி என்று எதையாவது கலந்து ஒப்பேற்றிய சரக்கும் அன்று பலகையில் இருந்தது. பழம் நன்றாக இருந்தால் அதில் பூவைப் போட வேண்டிய அவசியம் வராது. ஒரே வகை ஆப்பிளில் செய்ததையும், எந்த வருட அறுவடை என்று போட்டிருப்பதையும் முதலில் கேளுங்கள்.

போக நினைப்பவர்களுக்கு

ஈவ்ஸ், சவுத் ஹில், பிளாக் டைமண்ட், ஃபிங்கர் லேக்ஸ் சைடர் ஹவுஸ் என்ற பெயர்களை இந்த வட்டாரத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். பழம் பிழிவதைப் பார்க்க வேண்டுமென்றால் செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை. மே மாதம் போனால் பூ.

நியூயார்க் மாநிலப் பூங்காக்களில் கூடாரத்துக்கு ஒன்பது மாதம் முன்பே முன்பதிவு திறந்துவிடும். இலையுதிர்கால நீண்ட வார இறுதி வேண்டும் என்றால் பனி கொட்டிக்கொண்டிருக்கும் ஜனவரியிலேயே உட்கார்ந்து பதிய வேண்டும். வீட்டிலிருந்து விறகு கொண்டு போகாதீர்கள். மரம் துளைக்கும் பூச்சிகள் விறகோடு பயணம் செய்வதால், சூடேற்றிப் பதப்படுத்தாத விறகை வெட்டிய இடத்திலிருந்து 50 மைலுக்கு மேல் எடுத்துப் போவது இங்கே சட்டவிரோதம். பூங்கா வாசலிலேயே கட்டுக் கட்டாக விற்கிறார்கள். வாங்கியதும் தார்ப்பாய் போட்டு மூடுங்கள்.

குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் இனிப்புச் சாறு கேட்டால் கிடைக்கும். 1996இல் பதப்படுத்தாத ஆப்பிள் சாற்றால் அமெரிக்காவில் ஈ.கோலை நோய் பரவி ஒரு குழந்தை இறந்த பிறகு இதில் விதிகள் கடுமையாகின. காய்ச்சாமல், புற ஊதாக் கதிர் காட்டிக் கிருமி நீக்கும் முறையும் இருக்கிறது, ருசி கெடாது. இரண்டில் ஒன்று செய்ததா என்று பாட்டிலில் பார்த்து வாங்குங்கள். ஊருக்கு எடுத்துப்போனால் பிரிட்ஜில் வையுங்கள், வெளியில் மறந்துவிட்டால் அதுவும் பொங்க ஆரம்பித்துவிடும்.

காரோட்டுகிறவர் சாறோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இந்த மாநிலத்தில் ரத்தத்தில் ஆல்கஹால் 0.05 சதவிகிதத்தைத் தாண்டினாலே வழக்கு உண்டு, 0.08 என்றால் இன்னும் பெரிய வழக்கு. சிறு கோப்பைதானே என்று தோன்றும். 8 சதவிகிதச் சரக்கு அது. 89ஆம் எண் சாலையில் வளைவு அதிகம், இருட்டினால் மான்களும் குறுக்கே வரும்.

குளிர்காலத்தில் பல இடங்கள் வார இறுதியில் மட்டுமே திறக்கின்றன. கிளம்பும் முன் ஒரு போன் போட்டுவிடுங்கள்.